போலீஸ் கழித்த .40 கிளாக்கை 9 எம்எம்முக்கு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குப் போனால், கண்ணாடிப் பெட்டியின் மேல் தட்டில் பளபளவென்று புதுசுகள் இருக்கும். கீழ்த் தட்டைக் குனிந்து பாருங்கள். ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்துப்போன கறுப்பு பிஸ்டல்கள் வரிசையாகக் கிடக்கும். பெரும்பாலும் கிளாக் நிறுவனத்தின் 22-ஆம் மாடலான கிளாக் 22, இல்லையென்றால் அதன் தம்பி 23. ஏதோ ஒரு ஊர் போலீஸ் திருப்பிக் கொடுத்த சரக்கு. வருடக்கணக்கில் இடுப்பு உறையில் உரசியதால்தான் மேலே அந்தத் தேய்மானம். உள்ளே அவ்வளவு ஆடியிருக்காது. நிறைய போலீஸ்காரர்கள் துப்பாக்கியைச் சுமக்கிறார்களே தவிர, வருடாந்தரத் தகுதித் தேர்வைத் தாண்டி அதிகம் சுடுவதில்லை. 9 எம்எம் சுடும் புது கிளாக் 17 சுமார் 500 டாலருக்கு மேல் போகிறது என்றால், இவை 300, 350 என்று படியும்.

மலிவுக்கு முக்கியக் காரணம், இவை சுடுவது .40 தோட்டா, அதாவது குண்டின் விட்டம் 0.40 அங்குலம். அந்தத் தோட்டாவின் மவுசு போய்விட்டது. 9 எம்எம்மை விட விலை அதிகம், கையில் உதை அதிகம். ஆனால் இந்தத் துப்பாக்கியை 9 எம்எம்முக்கு மாற்ற இரண்டு பொருள் போதும்: ஒரு பேரல் (குண்டு பாயும் குழாய்), ஒரு மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி). அரம், துளைக்கும் இயந்திரம் எதுவும் தேவையில்லை. பழகிய கைக்கு வேலை இரண்டே நிமிடம். நான் அப்படி ஒன்றை வாங்கி மாற்றி, சில ஆயிரம் தோட்டா சுட்டாயிற்று. வேலை சுலபம் என்பதாலேயே வரும் சில ஆபத்துகளும் உண்டு. கழற்றி மாட்டுவதை விட அவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் சட்டம்

அமெரிக்காவின் மத்தியச் சட்டப்படி, ஒரு பிஸ்டலில் 'துப்பாக்கி' என்று கணக்கில் வருவது தொடர் எண் பொறித்த அடிச்சட்டம் மட்டும்தான். அதை வாங்க உரிமம் பெற்ற கடைக்குப் போக வேண்டும், 4473 என்ற படிவம் நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். பேரல், ஸ்லைடு (பேரலை மூடி முன்னும் பின்னும் ஓடும் மேல் பாகம்), ஸ்பிரிங் எல்லாம் வெறும் உதிரி பாகம். தபாலில் வீட்டுக்கே வரும். இது பொதுவான நிலை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். உதாரணமாக, முனையில் மரை போட்ட பேரல் கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் உங்களை வேறு வகைச் சிக்கலில் கொண்டுபோய் விடும். மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது என்ற மாநிலங்களும் இருக்கின்றன.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் நீங்கள் வருகிறீர்களா என்று நண்பரிடம் கேட்காதீர்கள், வக்கீலிடம் கேளுங்கள். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருத்தல்' கணக்கில் வரலாம். ஒரு வார இறுதி விளையாட்டுக்காகப் பச்சை அட்டை வரிசையில் சிக்கல் இழுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் இது நடக்கவே நடக்காது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். 9 எம்எம் கைத்துப்பாக்கியோ தடை செய்யப்பட்ட வகை. இங்கே தபால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போகும் அதே இரும்புக் குழாய், அங்கே கம்பி எண்ண வைத்துவிடும்.

.40 ஏன் வந்தது, ஏன் போனது

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களோடு எஃப்பிஐ நடத்திய துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ ஆட்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கொள்ளையர்களில் ஒருவன் ஆரம்பத்திலேயே 9 எம்எம் குண்டு வாங்கியவன். ஆனால் அது இதயத்தை எட்டாமல் நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருந்தான். பழி 9 எம்எம் மேல் விழுந்தது. எஃப்பிஐ பெரிய 10 எம்எம் தோட்டாவுக்குத் தாவியது. அதன் உதையை எல்லோராலும் தாங்க முடியவில்லை, மருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்த பிறகு தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் வெற்றிடம்தானே மிச்சம்? ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து அந்தக் கூட்டை வெட்டிக் குட்டையாக்கி 1990 ஜனவரியில் .40-ஐ வெளியிட்டன.

குட்டையாக்கியதன் லாபம், 9 எம்எம்முக்காகச் செய்த துப்பாக்கியின் உடம்பிலேயே அது அடங்கியது. நம் வேலைக்கு அடிப்படையே இதுதான். கிளாக் 22 என்பது கிளாக் 17-இன் உடம்பில் .40-க்கு இடம் செய்த துப்பாக்கி. அடிச்சட்டம், கைப்பிடி, மேகசின் போகும் குழி எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே.

அப்புறம் குண்டுகளின் வடிவமைப்பு முன்னேறியது. இலக்கில் பட்டதும் விரியும் நவீன 9 எம்எம் குண்டுகள், .40 செய்ததைக் குறைந்த உதையோடு செய்தன. 2014-இல் எஃப்பிஐ 9 எம்எம்முக்குத் திரும்பும் காரணங்களை எழுதி வைத்தது. 2016-இல் கிளாக்கோடு ஒப்பந்தம் போட்டது. பெரிய வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துச் சின்ன வீடுகள் பந்தல் போடுகிற மாதிரி, ஊர் ஊராகப் போலீஸ் துறைகளும் .40-ஐக் கழித்தன. அந்தக் கழிவுதான் கீழ்த் தட்டில் கிடப்பது.

பெரிதிலிருந்து சிறிதுக்கு மட்டும்

தொளதொளவென்று இருக்கும் சட்டையைத் தையல்காரர் பிடித்துத் தைத்துக் கொடுப்பார். இறுக்கமான சட்டையைக் கொண்டுபோனால், துணி இல்லாமல் எதை விரிப்பது என்று கேட்பார். துப்பாக்கியிலும் அதேதான். .40-ஐ 9-ஆக்கலாம், 9-ஐ .40 ஆக்க முடியாது.

இது ஏன் என்று புரிய, தோட்டாவைத் துப்பாக்கி எங்கெல்லாம் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். நான்கு இடம்.

ஒன்று, பேரலின் பின்பகுதியில் தோட்டா உட்காரும் அறை, அதாவது சேம்பர். .40 குண்டின் விட்டம் 10.16 மிமீ, 9 எம்எம் குண்டுடையது 9.01 மிமீ. கூட்டின் நீளம் .40-க்கு 21.6, 9-க்கு 19.15. இரண்டு தோட்டாவுமே கூட்டின் வாய் விளிம்பு சேம்பரின் முன் படியில் முட்டி நிற்பதை நம்பித்தான் சரியான ஆழத்தில் உட்காருகின்றன. மாற்றுப் பேரல் என்பது வெளி அளவில் .40 பேரல், உள்ளே மட்டும் 9 எம்எம் துளை. வெளியே அதே பருமன், உள்ளே துளை சிறிது என்பதால் சுவர் தடிமன் கூடும். கையில் எடுத்தாலே பழையதை விடக் கொஞ்சம் கனமாகத் தெரியும்.

இரண்டு, ஸ்லைடின் உள்முகம். தோட்டாவின் அடித்தட்டு இங்கேதான் சாய்ந்து நிற்கும். .40-இன் அடித்தட்டு சுமார் 10.8 மிமீ, 9 எம்எம்முடையது 10 மிமீ. பெரியதற்கு வெட்டிய இடத்தில் சிறியது நிற்கும், பக்கத்துக்கு 0.4 மிமீ இடைவெளியோடு. இந்த 0.4-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

மூன்று, எக்ஸ்ட்ராக்டர்: சுட்ட கூட்டை விளிம்பில் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி. நான்கு, மேகசினின் உதடுகள், அதாவது மேல் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் வளைந்த விளிம்புகள்.

அழுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டுக்கும் உச்ச வரம்பு 35,000 பிஎஸ்ஐ-தான். ஆனால் .40-இன் கனமான குண்டு ஸ்லைடைப் பலமாகப் பின்னுக்குத் தள்ளும். அதைத் தாங்கச் செய்த ஸ்லைடு, 9 எம்எம்மின் மென்மையான தள்ளலில் சற்றே சோம்பேறித்தனமாக நகரும். உதை குறைவாகத் தெரிவது இதனால்தான். பலவீனமான தோட்டா போட்டால் திக்குவதும் இதனால்தான்.

'எந்த மலிவுத் துப்பாக்கியையும் இப்படி மாற்றலாமா' என்றால், இல்லை. அமெரிக்காவில் மலிவுக்கே பேர் போன ஹை-பாயிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேரல் அடிச்சட்டத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. ஸ்லைடின் வெறும் எடைதான் வெடிப்பைத் தாங்கி நிற்கிறது. பேரலைத் தூக்கி வேறு போடும் வேலைக்கு அங்கே வழியில்லை. கிளாக், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி, ஸ்ப்ரிங்ஃபீல்ட் எக்ஸ்டி மாதிரி பேரல் தனியே கழலும், வெடிக்கும் நொடியில் ஸ்லைடோடு பூட்டியிருந்து பிறகு விலகும் வகைகளில்தான் இது சாத்தியம்.

என்ன வாங்க வேண்டும்

பேரல் வாங்கும்போது ஒரே ஒரு தவறு செய்யாமல் இருந்தால் போதும்: கிளாக் 17-இன் சாதாரண 9 எம்எம் பேரலை வாங்கி 22-இல் போடாதீர்கள். உள்ளே விழும், ஆனால் தொளதொளக்கும். அதன் வெளி அளவுகள் சிறியவை. .40 ஸ்லைடுக்குள் அது சரியாகப் பூட்டாது. கேட்க வேண்டியது '.40-இலிருந்து 9-க்கு மாற்றுப் பேரல்'. லோன் உல்ஃப், கேகேஎம், பார்-ஸ்டோ என்று பல நிறுவனங்கள் இப்படிச் செய்திருக்கின்றன. சுமார் 100 டாலரில் தொடங்கி 200-ஐத் தாண்டியும் போகும். விலை கூடியவற்றில் சில, அளவை ஓர் இம்மி அதிகம் விட்டு வரும். துப்பாக்கி மெக்கானிக் தேய்த்துப் பொருத்த வேண்டும். நமக்கு அது வேண்டாம். 'நேரே போட்டால் பொருந்தும்' என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

மாடலும் தலைமுறையும் சரிபாருங்கள். 22-க்கு 22-இன் பேரல், 23-க்கு 23-இன் பேரல். போலீஸ் சரக்கு பெரும்பாலும் மூன்றாம், நான்காம் தலைமுறை. ஐந்தாம் தலைமுறையில் .40-இன் ஸ்லைடே அகலம் கூடிவிட்டது, பழையதற்கான பேரல் அதற்கு ஆகாது.

மேகசின் சுலபம். 22-க்குக் கிளாக் 17-இன் மேகசின், 23-க்குக் கிளாக் 19-இன் மேகசின். பழைய .40 மேகசினிலேயே 9-ஐ அடைத்துச் சுடுபவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு ஓடுகிறது என்பதும் உண்மை. உதடுகளின் இடைவெளி அகலமாக இருப்பதால் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், எப்போது சிக்கும் என்று சொல்ல முடியாது. 30 டாலருக்குள் முடிகிற விஷயத்தில் கஞ்சத்தனம் எதற்கு?

எக்ஸ்ட்ராக்டரை மாற்ற வேண்டுமா என்பதில் பெரிய சண்டையே உண்டு. என் கருத்து: முதலில் மாற்றாதீர்கள். .40 கொக்கியே 9-இன் விளிம்பைப் பெரும்பாலும் பிடித்துவிடும். சுட்டுப் பார்த்து, கூடு வெளியேறாமல் திக்கினால் மட்டும் 9 எம்எம் எக்ஸ்ட்ராக்டரைப் போடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் 9 எம்எம் எஜெக்டரோடு (கூட்டைத் தட்டி வெளியே எறியும் பாகம்) வரும் ட்ரிகர் பெட்டி. தற்காப்புக்கு வைக்கப்போகிறவர்கள் மட்டும் முதலிலேயே இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது.

ஸ்பிரிங்: மூன்றாம் தலைமுறையில் 17-க்கும் 22-க்கும் ஒரே ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னுக்குத் திருப்பித் தள்ளுவது). அப்படியே விடலாம். நான்காம் தலைமுறையில் இரட்டை ஸ்பிரிங் வந்தது, அதில் 9 எம்எம்முக்கு வேறு அளவு கொடுத்தார்கள். அந்தத் தலைமுறை வைத்திருந்து, லேசான தோட்டாவில் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகவில்லை என்றால் 17-இன் ஸ்பிரிங்கைப் போட்டுப் பாருங்கள்.

வாங்கும் முன் ஒரு மனக்கணக்கு. பேரல் 150, மேகசின் 30, ஆக 180 டாலர். .40-க்கும் 9-க்கும் தோட்டாவுக்கு 10 சென்ட் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 1,800 தோட்டா சுட்ட பிறகுதான் போட்ட காசு திரும்பும். வருடத்துக்கு இரண்டு பெட்டி சுடுகிறவர் இதற்குக் கிளம்பத் தேவையே இல்லை, .40-ஐயே சுட்டுவிட்டுப் போகலாம். மாதம் ஒருமுறை 200 சுடுகிறவருக்கு ஒரு வருடத்துக்குள் லாபம்.

கழற்றுவது

மேசையில் ஒரே ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பெட்டியோடு பக்கத்து அறைக்குப் போகட்டும்.

மேகசினை உருவுங்கள். ஸ்லைடை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, இடப்பக்க நெம்புகோலை மேலே தள்ளிப் பூட்டுங்கள். சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள். அப்புறம் சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். மேகசின் குழியையும் பாருங்கள். இவ்வளவும் ஏன் என்றால், கிளாக்கைக் கழற்ற அதன் ட்ரிகரை அழுத்தியாக வேண்டும். மேகசினை உருவிவிட்டோமே என்ற தைரியத்தில், சேம்பரில் ஒன்று மிச்சம் இருப்பதை மறந்து, கழற்றும்போது சுவரையும் தொடையையும் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு; அனுபவப்பட்ட போலீஸ்காரர்களும் அதில் அடக்கம். வரிசை முக்கியம்: மேகசின் முதலில், சேம்பர் அடுத்து. மாற்றிச் செய்தால், காலி செய்த சேம்பரை மேகசின் மறுபடி நிரப்பிவிடும்.

ஸ்லைடை முன்னே விடுங்கள். குண்டு தாங்கும் திசையில் முனையைத் திருப்பி ட்ரிகரை அழுத்துங்கள். 'டிக்' என்று கேட்கும், ட்ரிகர் பின்னாலேயே நிற்கும். இப்போது வலது கையின் நான்கு விரல்களை ஸ்லைடின் மேலே போட்டு, பெருவிரலைக் கைப்பிடியின் பின்னால் கொடுத்து, ஸ்லைடை 3 மிமீ அளவுக்கு மட்டும் பின்னுக்கு இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் ட்ரிகர் மறுபடி முன்னே வந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த 3 மிமீ-இல் பிடித்தபடியே, ட்ரிகருக்கு மேலே இருபுறமும் இருக்கும் சின்னப் பூட்டுத் தகடுகளை இடது கை விரல்களால் கீழே இழுத்து, ஸ்லைடை முன்பக்கமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். முதல் பத்து தடவை கை சொன்னபடி கேட்காது. பழைய துப்பாக்கியில் அந்தத் தகடுகள் விரல் நகத்தைப் பதம் பார்க்கும்.

ஸ்லைடைக் கவிழ்த்துப் பிடித்து, ஸ்பிரிங் தண்டைக் கொஞ்சம் முன்னே அழுத்தித் தூக்குங்கள். விருட்டென்று பாயும், மறு கையால் மூடிக்கொள்ளுங்கள். பேரலைப் பின்பக்கம் பிடித்து, சிறிது முன்னே நகர்த்தி, தூக்கி, பின்னால் உருவுங்கள். அவ்வளவுதான்.

ஸ்லைடு திறந்திருக்கும்போதே உள்முகத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். போலீஸ் சரக்கில் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் வருடக்கணக்கான கரி கெட்டிப்பட்டிருக்கும். அந்தக் கரி நீங்கினாலே பாதிப் பேருக்கு எக்ஸ்ட்ராக்டர் மாற்றும் தேவை இருக்காது என்பது என் சந்தேகம்.

மாட்டுவதற்கு முன்: 'டொக்'

புதுப் பேரலை ஸ்லைடில் போட அவசரப்படாதீர்கள். அதில் வந்த பாதுகாப்பு எண்ணெயைத் துணி விட்டுத் துடைத்துவிட்டு, துப்பாக்கியை விட்டுத் தள்ளிப்போய், தோட்டா இருக்கும் அறையில் நின்று இதைச் செய்யுங்கள்.

பேரலின் முனை தரையைப் பார்க்க, சேம்பர் வாய் மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். கடையில் வாங்கிய ஒரு 9 எம்எம் தோட்டாவை அதற்குள் விடுங்கள். 'டொக்' என்று ஒரு உலோகச் சத்தம் கேட்க வேண்டும். மண்சட்டியில் புளியங்கொட்டை விழுந்த மாதிரி சுத்தமான சத்தம். அழுத்தித் தள்ளினால்தான் போகிறது, அல்லது சத்தமே இல்லாமல் நெளிந்து இறங்குகிறது என்றால் எங்கோ உரசுகிறது. உட்கார்ந்த தோட்டாவை விரல் நுனியால் சுழற்றுங்கள், தடையில்லாமல் சுழல வேண்டும். பேரலைக் கவிழ்த்தால் தானே விழ வேண்டும். தோட்டாவின் அடி, பேரலின் பின் விளிம்புக்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு வகைத் தோட்டாவிலும் ஒன்றை இப்படி விட்டுப் பாருங்கள். வெளிச் சந்தைப் பேரல்களின் சேம்பர் பெரும்பாலும் கிளாக்கினுடையதை விட இறுக்கம். கிளாக்கின் சொந்தப் பேரல் விழுங்கும் தோட்டாவை இவை துப்பலாம்.

மாட்டுவது

பேரல், அப்புறம் ஸ்பிரிங், அப்புறம் ஸ்லைடை அடிச்சட்டத்தின் தண்டவாளத்தில் பின்னுக்கு ஓட்டுவது. கழற்றியதன் நேர் தலைகீழ். தண்டவாளத்தில் நான்கு சொட்டு எண்ணெய், பேரலின் வெளிப்புறத்தில் ஒரு பூச்சு போதும். கிளாக்குக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி வைக்கக் கூடாது.

ஸ்லைடு மூடியிருக்கும்போது மேலிருந்து பாருங்கள். வெளியேற்றும் சன்னலில் தெரியும் பேரலின் முதுகும் ஸ்லைடின் மேல்மட்டமும் சமமாக இருக்க வேண்டும். அந்த முதுகைப் பெருவிரலால் அழுத்தினால் ஊசலாடக் கூடாது. ஸ்லைடை மெதுவாகக் கையால் பின்னுக்கு இழுத்து மெதுவாக விடுங்கள். கடைசி அரை அங்குலத்தில் தயங்கி நின்றால் பேரல் இன்னும் பழகவில்லை, அல்லது அளவு அதிகம். இருபது முப்பது தடவை கையால் ஓட்டியும் தயங்கினால் அரத்தைத் தேடாதீர்கள். திருப்பி அனுப்பி வேறு வாங்குங்கள்.

இயக்கச் சோதனை: காலித் துப்பாக்கியில் ட்ரிகரை அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு, ஸ்லைடை ஒருமுறை ஓட்டுங்கள். இப்போது ட்ரிகரை மெதுவாக விட்டால் 'க்ளிக்' என்று மீள வேண்டும். பிறகு 9 எம்எம் போலித் தோட்டா ஐந்தாறு வாங்கி, 17-இன் மேகசினில் அடைத்து, கையால் ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் ஏறி, ஒவ்வொன்றும் வெளியே பறக்க வேண்டும். காலி மேகசினில் ஸ்லைடு பின்னாலேயே பூட்டி நிற்க வேண்டும்.

சுடுதளத்தில்

கண்ணாடியும் காது மூடியும் இல்லாமல் நிற்க விட மாட்டார்கள், அதைச் சொல்லத் தேவையில்லை. முதல் சுற்றில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் கூட்டைப் பொறுக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் வீங்கியிருக்கிறதா, விரிசல் உண்டா, நடுவில் பட்ட ஊசித் தடம் ஆழமாக இருக்கிறதா? ஊசித் தடம் துல்லியமாக நடுவில் இல்லாமல் ஓர் இழை தள்ளியிருந்தால் பயப்பட வேண்டாம். முன்பு சொன்ன 0.4 மிமீ இடைவெளிதான் காரணம்; அகலமான முகத்தில் சிறிய தோட்டா கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது. அடுத்த சுற்றில் இரண்டு, பிறகு ஐந்து, பிறகு முழு மேகசின்.

தோட்டாவில் 115 கிரெய்னை விட 124 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) இந்தத் துப்பாக்கிக்கு ஒத்துப்போகும். கனமான ஸ்லைடைத் தள்ள அந்தச் சற்றே கூடிய பலம் உதவுகிறது. என்னுடையதில் மலிவான 115-இல் கூடுகள் சோம்பலாக என் முன்கையிலேயே விழுந்தன, ஒன்றிரண்டு சன்னலில் நின்றபடி சிக்கிக்கொண்டன. 124 போட்டதும் மூன்றடி தள்ளி வலப்பக்கம் குவிய ஆரம்பித்தன. இருநூறு தோட்டா தடங்கலின்றி ஓடினால் பயிற்சிக்குப் போதும். வீட்டுப் பாதுகாப்புக்கு வைப்பவர்கள் தாங்கள் வைக்கப்போகும் அதே தோட்டாவில் கூடுதலாகச் சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. என்னைக் கேட்டால், அதற்கு ஆரம்பத்திலேயே 9 எம்எம்முக்காகச் செய்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு, இதைப் பழகுவதற்கு மட்டும் வையுங்கள் என்பேன்.

குறி கொஞ்சம் மேலோ கீழோ நகரும். ஐந்து குண்டுக் கூட்டம் சுட்டுப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் வேறு உயரமுள்ள பின் குறிகாட்டியைப் போடுங்கள்.

கலந்துவிடாமல் இருப்பது

வேலை முடிந்துவிட்டது. ஆபத்து இனிமேல்தான். உங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேரல், இரண்டு வகை மேகசின், இரண்டு வகைத் தோட்டா. ஸ்லைடின் மேல் இன்னும் .40 என்றுதான் பொறித்திருக்கும்.

9 எம்எம் பேரலில் .40 தோட்டா போனால் பெரிய விபரீதம் இல்லை. அது உள்ளேயே ஏறாது, சிக்கி நிற்கும். எதிர்ப்பக்கம்தான் மோசம். .40 பேரலைத் திரும்ப மாட்டிவிட்டு 9 எம்எம் மேகசினைச் செருகினால், தோட்டா ஏறும், ஸ்லைடு மூடும், சுடவும் சுடும்.

இது நடந்ததை நான் அடுத்த தடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நண்பன் அன்று இரண்டு பேரலையும் கொண்டுவந்திருந்தான். முதலில் .40 சுட்டான், பேச்சு சுவாரசியத்தில் மேகசினை மட்டும் மாற்றினான். வெடி முழங்காமல் பட்டாசு நமுத்த மாதிரி ஒரு சத்தம். "என்னடா, புஸ்ஸுனு போகுது?" என்றேன். ஸ்லைடு பாதியில் நின்றது. காகிதத்தில் குண்டு பக்கவாட்டில் பட்டு, சாவித் துவாரம் மாதிரி ஓட்டை. கூட்டைப் பென்சிலால் தட்டி எடுத்தோம். சேம்பர் முழுக்க ஊதி, வாய் அகன்று, ஒரு பக்கம் நெடுகப் பிளந்திருந்தது. 19 மிமீ கூடு 21 மிமீ அறையில் முட்டி நிற்க இடமில்லாமல், எக்ஸ்ட்ராக்டர் கொக்கி மட்டும் பிடித்திருந்த நிலையில் வெடித்திருக்கிறது. அவன் முகத்தில் வெடிமருந்துப் புள்ளிகள், கண்ணாடியில் ஒரு பித்தளைத் துணுக்கு. கண்ணாடி இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் துணுக்கு எங்கே போயிருக்கும் என்று அவனுக்கும் எனக்கும் தெரியும். அன்று மிச்சமிருந்த தோட்டாவை அவன் தொடவில்லை.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. சுடுதளத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு பேரல், ஒரு வகைத் தோட்டா. மற்றது வீட்டைத் தாண்டாது. 9 எம்எம் மேகசின்களின் அடித்தட்டு எல்லாவற்றிலும் மஞ்சள் பெயிண்ட். பேரல் முதுகில், சன்னலில் தெரியும் இடத்தில் அதே மஞ்சளில் ஒரு புள்ளி. மேகசினைச் செருகும் முன் மஞ்சளும் மஞ்சளும் சேர்கிறதா என்று கண் தானாகப் போகிறது. துப்பாக்கியை விற்பதானால் பழைய .40 பேரலை மாட்டித்தான் விற்க வேண்டும், மாற்றுப் பேரலைத் தனியே, விவரம் சொல்லிக் கொடுக்கலாம்.

இதே துப்பாக்கியில் வேறு என்ன செய்யலாம்

.357 சிக் என்று ஒரு தோட்டா 1994-இல் வந்தது. .40 கூட்டின் கழுத்தை நெரித்து 9 எம்எம் அளவு குண்டைப் பொருத்தியது அது. அடித்தட்டு அப்படியே .40 அளவு. ஆகவே பேரலை மட்டும் மாற்றினால் போதும், மேகசினும் எக்ஸ்ட்ராக்டரும் அதேதான். கேட்கச் சுலபமாக இருந்தாலும் தோட்டா விலை .40-ஐயும் தாண்டும், அழுத்த வரம்பும் 40,000 பிஎஸ்ஐ, சத்தம் காதைப் பிளக்கும். ஆசைக்கு ஒரு பெட்டி சுடலாம்.

.22-க்குப் போக நினைப்பவர்களுக்குப் பேரல் மட்டும் போதாது. அந்தச் சின்னத் தோட்டாவால் இந்தக் கனமான ஸ்லைடை நகர்த்த முடியாது. ஊசியும் நடுவில் அல்ல, விளிம்பில் அடிக்க வேண்டும். ஆகவே அலுமினிய ஸ்லைடு, பேரல், மேகசின் எல்லாம் சேர்த்த முழுத் தொகுப்பாகத்தான் விற்கிறார்கள். அதன் விலைக்குத் தனியாக ஒரு .22 பிஸ்டலே வாங்கிவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன்.